ஹெட் கேஸ்கெட்டும் பாலாலயமும்

காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒரு பட்டறை. பானெட் திறந்து நிற்கும் பழைய காரின் எண்ணெய் மூடியைக் கழற்றினால், அதன் அடியில் தே தாரேக் நுரையைப் போல வெளிறிய பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. எண்ணெயோடு கூலண்ட் கலந்துவிட்டதோ என்ற சந்தேகம் எழுகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரப்பதமும் இப்படி நுரைக்கும் என்பதால், அனுபவமுள்ள மெக்கானிக் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார். ரேடியேட்டர் வாயில் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் நீலத் திரவம் ஊற்றி, இன்ஜினை ஓடவிடுவார். எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அப்படி ஆகிவிட்டால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம்.

அதற்கு மேல் எழும் கேள்வி இயந்திரவியலைச் சேர்ந்ததில்லை. செலவழிக்கலாமா, விட்டுவிடலாமா?

சிங்கப்பூரில் காருக்கு ஆயுள் பத்து ஆண்டு. இரும்பு தேய்வதைப் பார்த்து யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. 1990 மே மாதம் வந்த வாகன ஒதுக்கீட்டு முறை விதித்த கணக்கு இது. ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ், எல்லோர் வாயிலும் சிஓஇ, பத்து ஆண்டில் காலாவதியாகிவிடும். அதன் விலை ஏறி இறங்குவதற்கு ஜாதகம்தான் பார்க்க வேண்டும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்குப் போனது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. பத்து முடிந்தபின் சமீபத்திய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டு நீட்டிக்கலாம். ஐந்தை எடுத்தவருக்கு மறு நீட்டிப்புக் கிடையாது. நீட்டித்த காருக்குச் சாலை வரியின் மேல்கட்டணம் ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். சோதனையும் ஆண்டுதோறும் உண்டு. மார்க்கண்டேயனின் பதினாறு வயதுக் கதையைக் கேட்டு வளர்ந்து, அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்வரும் தமிழர்களுக்கு ஆயுள் நீட்டிப்பு ஒன்றும் புதிதில்லை. இங்கே அதற்கு ரசீது கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பணம் உள்ளவருக்கு இதில் தத்துவச் சிக்கல் எதுவும் வராது. வேறு கார் வாங்கிவிடுவார். கையைக் கடிக்கும் பட்ஜெட் உள்ளவர்தான் யோசித்தாக வேண்டும். அப்போது ஒரு பழைய குற்றச்சாட்டு அவர் காதில் விழும்: “அழியப்போகிற பொருள்மேல் என்னப்பா இவ்வளவு பற்று?” கேட்க ஞானம் போலிருக்கும். ஆனால் பற்றறுத்தலைப் பற்றி மிக அதிகமாகப் பேசிய மரபுகள் பழுதுபார்ப்பை அப்படிப் பார்க்கவில்லை.

பௌத்த விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. உதயண மன்னனின் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு மேலாடைகளைத் தானம் தருகிறார்கள். துறவிக்கு எதற்கு இத்தனை துணி, கடை வைக்கப்போகிறாரா என்று மன்னனுக்கு எரிச்சல். நேரில் போய்க் கேட்கிறான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்கிறார் ஆனந்தர். நைந்த பழைய ஆடைகளை என்ன செய்வீர்கள்? விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். இப்படியே தரைவிரிப்பு, கால்துடைப்பான், தூசுத்துணி என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில், தூசுத்துணியையும் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை பூசுவோம் என்று ஆனந்தர் முடிக்கிறார். மன்னன் திருப்தியடைந்து இன்னும் ஐந்நூறு தருகிறான். எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாத கூட்டம்தான் எதையும் வீணாக்காமலும் இருந்திருக்கிறது. பற்று இருப்பவன் ஒன்று பெட்டியில் பூட்டி வைப்பான், அல்லது அலுத்துப்போய்த் தூக்கி எறிவான்.

சைவம் இதை இன்னும் கிட்டத்தில் வந்து பேசுகிறது. உடம்பை இழிவாக எண்ணியிருந்த திருமூலர், இறைவன் அதற்குள் குடியிருப்பதை உணர்ந்த பிறகு அதைக் காக்கத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். அவருக்கு உடம்பு அழியும் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. அழியும் என்று தெரிந்தேதான் பேணுகிறார்.

இதை ஏட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. சுமார் 3.5 மில்லியன் வெள்ளிச் செலவில் திருப்பணி முடிந்து 2023 பிப்ரவரி 12இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆகமக் கோயில்களில் நடக்கும் காரியம்தான். அதன் வேலை வரிசை கவனிக்கத்தக்கது. திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகையில் எழுதிய உருவுக்கோ மாற்றிப் பாலாலயம் செய்வார்கள். அதன்பின் கருவறையில் உளியும் சிமெண்டும் புழங்கலாம். சிலையையும் பீடத்தையும் பிணைத்திருக்கும் அஷ்டபந்தனம் காய்ந்து வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துவார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் இடித்துப் பதமாக்கிய சாந்து அது. இரண்டு கெட்டியான பரப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, நீர் இறங்காமல் தடுத்து, நாளடைவில் தான் காய்ந்துபோகும் பொருள். மெக்கானிக்கிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்.

மயமதம் என்னும் சிற்பநூல் புதுப்பித்தலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. விரல் போன்ற சிற்றுறுப்புச் சிதைந்தால் சீர் செய்யலாம், தலை போன்ற பேருறுப்பு உடைந்தால் அந்தச் சிலையை நீரில் விட்டுப் புதிது செய்ய வேண்டும் என்பது சிற்ப, ஆகம மரபின் பொதுவான நெறி. பக்தியின் அளவு அங்கே பேசப்படுவதே இல்லை. எந்த உறுப்பு, எவ்வளவு சேதம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பட்டறையிலும் அதே முதல் வேலைதான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் துடைத்து, அதன் முகத்தில் நேர்விளிம்பு எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைக்கிறார்கள். சட்டத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் கோணல் 0.05 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் கடைசல் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சீவலாம். விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. சிலிண்டர் சுவரில் ஆழமான கீறலோ, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளில் சேதமோ தெரிந்தால், பேருறுப்பில் அடி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்துவதா, வண்டியையே விடுவதா என்ற பேச்சு அப்புறம்தான் நியாயமாகும். பணம் குறைவாக இருப்பவர் தவறவிடக்கூடாத செலவு இந்த அளவெடுப்பு. பெரும்பாலும் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மிச்சம் பிடித்து வாங்குவது ரேடியேட்டரில் ஊற்றும் கசிவடைப்பான் புட்டி. சிறு கசிவைச் சில நாள் அடைக்கும், சமயத்தில் ஹீட்டர் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். இதுவாவது போகட்டும். பல நவீன இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போதே நீளும்படி செய்யப்பட்டவை, ஒருமுறைக்கு மேல் உதவாது. கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கிவிட்டுப் பழைய போல்ட்டையே போட்டு முறுக்குவது, கோபுரத்துக்கு வண்ணம் பூசிக் கருவறை ஒழுகலை விட்டுவைப்பதற்குச் சமம். ஜொகூர் பாருவில் கூலி குறைவென்று கிளம்புகிறவர்களும் உண்டு. புறப்படும் சிங்கப்பூர்க் காரின் டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சூடேறும் இன்ஜினோடு வெள்ளிக்கிழமை மாலை காஸ்வே நெரிசலில் ஊர்ந்து போவதைச் சட்டம் தடுப்பதில்லை. சேமிக்க நினைத்த கூலி பாலத்திலேயே போய்விடும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி எடுத்துச் செல்லும் வழக்கத்தைச் சிலர் ஏளனம் செய்வார்கள். ஏளனம் தேவையில்லை. ஆயுத பூசையின் பாதி, கழுவித் துடைப்பதில்தான் இருக்கிறது. ஸ்பேனரின் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவிய பிறகே சந்தனம் ஒட்டும். ஆண்டுக்கு ஒருநாளாவது கருவியை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லும் சடங்கு அது. பூசை போட்டுவிட்டுக் கூலண்ட் அளவைப் பார்க்காதவர் சடங்கின் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

இன்ஜினையே மாற்றிவிட்டால் அது அதே கார்தானா? கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் இப்படித்தான் தேரைக் காட்டிக் கேட்டார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் கூடியபோது வழங்கும் பெயர்தான் தேர் என்று மன்னன் வாயாலேயே சொல்லவைத்தார். மனிதனுக்குள்ளும் ஆன்மா என்று தனியே ஒன்று இல்லை என்பதற்கு அது உவமை. நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு இந்த மயக்கம் கிடையாது. அதன் அனுமதியோடு இன்ஜினை மாற்றலாம், பதிவும் சிஓஇயும் அந்த வண்டியிலேயே தொடரும். சேஸிஸ் எண்ணைத் திருத்தினால் குற்றம். நாகசேனர் மறுத்த ஆன்மாவுக்கு அரசாங்கம் எண் கொடுத்து வைத்திருக்கிறது!

விடுவதற்கும் இங்கே விதி உண்டு. பதிவு நீக்கிய கார் ஒரு மாதத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட உடைப்புக் கூடத்துக்கோ ஏற்றுமதிக்கோ போயாக வேண்டும். காலம் முடியுமுன் விட்டால் எஞ்சிய மாதங்களுக்கான சிஓஇ தொகை விகிதப்படி திரும்ப வரும். ஆகவே பேருறுப்பு போன காரைக் கௌரவத்துக்காக நிறுத்தி வைத்திருப்பவர், மாதாமாதம் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார். ஆனந்தரின் தூசுத்துணியைப் போல, ஓடாத காரிலும் ஆல்டர்னேட்டர், கதவு, கண்ணாடி என்று இன்னொரு வண்டிக்கு ஆகும் உறுப்புகள் இருக்கும். ஜாலான் புசார் அருகே 1930களிலிருந்து பழம்பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலை 10இல் மூடியபோது, அப்படிப்பட்ட மறுபிறவிகளுக்கு இந்த நகரத்தில் இருந்த பழைய முகவரி ஒன்று போய்விட்டது. அந்த இழப்பைப் பற்றி இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெப்ப முள் சிவப்பை நோக்கி ஏறினால் “வீடு பக்கம்தானே” என்று ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு ஹெட் வரைக்கும் போவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான்.