கடல் தாண்டிய எல்லைத் தெய்வம்

ஊர்த் தெய்வம் மண்ணோடு பிணைந்த சக்தியா, தன்னிடம் வேண்டிக்கொண்டவர் போகும் இடமெல்லாம் உடன் செல்லும் சக்தியா என்ற கேள்விக்கு ஏட்டில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவதே பயன் தரும். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் மாரியம்மனின் காவல் ஊர் எல்லைக்கு உட்பட்டது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் அது முடியும்வரை வெளியூரில் இராத் தங்கலாகாது என்ற கட்டுப்பாடு இந்நம்பிக்கையின் நடைமுறை வடிவமே. மேல்மலையனூரில் அங்காளம்மனாகவே வணங்கப்படும் புற்றோ பெயர்த்தெடுக்க இயலாதது.

இந்த ஊர்கள் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் தஞ்சை, திருச்சிப் பகுதிகளிலிருந்தும் 1853 முதல் 1880-களின் இறுதிவரை ஆயிரக்கணக்கானோர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறி, கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் ஆகியவற்றின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் ஆளின்றித் தவித்த தோட்டங்களுக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலிகளாகவே அவர்கள் தேவைப்பட்டனர். குவாதலூப்பின் துறைமுக நகரான புவாந்த்-ஆ-பித்ரில் முதற்கப்பல் ‘ஒரேலி’ நங்கூரமிட்டது 1854 டிசம்பர் 24 அன்று.

தெய்வத்தை இடம் மாற்ற மரபு அறிந்த வழிகள் உண்டு. மந்திரத்தால் இறை இருப்பை அழைத்து உருவத்தில் நிலைநிறுத்தும் ஆவாகனம் ஆகமம் சார்ந்தது. மூலக் கோயிலின் மண்ணை ஒரு பிடி எடுத்துச் சென்று புதிய இடத்தில் கோயில் எழுப்பும் பிடிமண் முறை நாட்டார் வழக்கைச் சார்ந்தது. முன்னதற்கு ஆசாரியரும் பின்னதற்கு ஊராரின் சம்மதமும் வேண்டுமாதலால், இடைத்தரகர் கூட்டிவந்து கிடங்கில் தங்கவைத்துக் கப்பலேற்றிய கூலிகளுக்கு இரண்டுமே எளிதில் வாய்த்திருக்கும் என்று கருத இடமில்லை. அவர்களிடம் மிஞ்சியவை இரண்டு: வேண்டுதல் பலித்தால் செலுத்தியே தீரவேண்டிய நேர்த்திக்கடன், தெய்வம் மனித உடலில் இறங்கும் அருள். இவ்விரண்டுக்கும் மண் தேவைப்படவில்லை, உடல் போதும்.

மார்த்தினிக்கின் மாரியம்மன் வழிபாட்டில் இது கண்கூடு. தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி அடிக்க, அருள் வந்த பூசாரி, கரும்பு வெட்டும் கத்தியின் கூர்மேல், இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, வெறுங்காலுடன் ஏறி நிற்கிறார். தெய்வம் அவர் வாயால் தமிழில் பேசுகிறது. அத்தமிழ் புரியாத பக்தர்களுக்கு ஒருவர் கிரியோல் மொழியில் அதை எடுத்துச் சொல்கிறார். வழிபடுவோரில் பலர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். ஞாயிறன்று தேவாலயத்துக்கும் செல்பவர்கள். மதுரை வீரனோடு, கடலோடிகளின் காவலராகிய நாகூர் மீரானுக்கும் அங்கே கொடிமரம் உண்டு. முஸ்லிம் இறைநேசர் ஒருவர் மாரியம்மன் வழிபாட்டில் இடம்பெற்றது, எல்லை காக்கும் தெய்வத்துக்குக் கடலைக் கடக்க வழித்துணை தேவைப்பட்டதுபோல் தோன்றுகிறது.

வழிபாடு முழுமையாகவே கடல் கடந்தது என்று இதற்குப் பொருளில்லை. எந்தச் சாதி தப்படிக்கும், எந்தத் தெருவுக்குத் தேர் வரும், யாருக்கு முதல் மரியாதை என்ற ஏற்பாடுகளால் ஆனதே ஊர் எல்லை. தோட்டத்தில் அந்த ஏற்பாடு பெரிதும் குலைந்தது. அதை இழப்பென்று வருந்துவோர், அந்த எல்லைக்குள் யார் எங்கே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இருப்பினும் மூலம் ஊரில், நகல் தீவில் என்ற கணக்கும் எளிதில் நிற்பதில்லை. கோயிலில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1950-இல் இயற்றப்பட்டது; பல காலம் ஏட்டளவில் கிடந்த அதை 2003-இல் அரசு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த முனைந்து, எதிர்ப்பு வலுக்கவே 2004-இல் திரும்பப் பெற்றது. ஆக, திண்டிவனத்துக் கோயிலில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப்படி குற்றமாயிருந்த கிடாவெட்டு, குவாதலூப்பின் மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்கடனாக வெளிப்படையாகவே நடந்துவந்தது.