கருணையும் உடைமையும்

காப்பாற்றப்பட்ட உயிர்மீது காப்பாற்றியவனுக்கு உரிமை உண்டா? யாழ்ப்பாணத்தில் மொட்டைப் பனையின் பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை எடுப்போம், பழம் ஊட்டுவோம், சிறகு முளைத்ததும் கூட்டில் அடைப்போம். அதைக் கருணை என்றே நம்புகிறோம்.

இதற்கு மாறான பாடம் ஒன்று இத்தீவின் தெற்கே உண்டு. உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995ஆம் ஆண்டு அமைத்த நிலையத்தில், தாயை இழந்த யானைக்குட்டிகளுக்கு மூன்று மணிக்கொருமுறை பால் புகட்டுகிறார்கள்; வளர்ந்தபின் காட்டில் விடுகிறார்கள். இத்தகைய இடங்களில் பணி பழகும் மாணவனின் நாள் வாளி கழுவுவதிலும், சாணம் அள்ளுவதிலும், தழை சுமப்பதிலும் கழிகிறது. அவற்றினும் கடினமானது ஒரு விதி: குட்டியைக் கொஞ்சலாகாது. மனிதருக்கு அஞ்சாத யானை நாளை வயலில் இறங்கும். ஏழை உழவனும் அழிவான், அதுவும் மடியும். ஆகவே, விடுதலையாகும் குட்டி அவனைத் திரும்பிப் பாராமற் போவதே அவன் உழைப்பின் வெற்றி.

அன்பற்ற கடமை வறண்டதன்றோ என்று சிலர் கேட்கலாம். மழையிலும் வெயிலிலும் பால் கரைத்து நிற்பவனிடம் அன்பில்லை என்று யார் சொல்வது? அவ்வன்பு தன்னை அடக்கிக்கொள்ளக் கற்றிருக்கிறது, அவ்வளவே.

மனிதரிடையே இதனை நாம் இன்னும் கற்கவில்லை. தருமவான் தன் வாசலில் என்றும் கையேந்தி நிற்கும் ஏழையை விரும்புகிறான். மாணவன் என்றும் தன் நிழலிலேயே நிற்கவேண்டுமென நினைக்கும் ஆசிரியனும் அவனுக்கு உறவினனே. நம்மிடம் உதவி பெற்றவர் நாளை நம் உதவியின்றி நிற்பாரா என்பதே நம் கருணைக்கு வைக்கத்தக்க சோதனை.