முதலில் அவளிடம் சொல்லுங்கள்

மறதி நோய் வந்தவரின் மூளைக்குள் மருந்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் பெரிய கேள்விகளில் ஒன்று. எனக்குள்ள கேள்வி அதற்கு முந்தியது. அந்த மூளை ஒரு பெண்ணுடையது என்றால், உள்ளே வரலாமா என்று அவளைக் கேட்டவர் யார்?

மூளைக்கு ஒரு காவல் உண்டு. அங்கே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கின்றன. ஆக்சிஜனுக்கும் குளுக்கோசுக்கும் வழி விடும். பெரும்பாலான மருந்துகளுக்கு விடாது. எங்கள் பூவத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்கால் பக்கமிருந்து போகும் வண்டிகளை அங்கே நிறுத்தி மதுபாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூளையின் சோதனைச்சாவடியில் நிலைமை தலைகீழ். சாராயம் தாராளமாக உள்ளே போகும், மருந்து வெளியே நிற்கும்.

இந்தத் தடுப்புக்கு 1921இல் பெயர் கொடுத்தவர் லீனா ஸ்டெர்ன். ஜெனீவா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர். பிறகு மாஸ்கோவுக்குப் போய், 1939இல் சோவியத் அறிவியல் அகாதமியின் முதல் பெண் உறுப்பினரானார். காசநோய் மூளையுறையைத் தாக்கியபோது, தடுப்பைச் சுற்றிக்கொண்டு மூளைத் தண்டுவட நீரிலேயே மருந்தைச் செலுத்திப் பார்த்தவரும் அவரே. 1949இல் ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்தது. 1952இல் அவரோடு தண்டிக்கப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் மட்டும் நாடுகடத்தலோடு தப்பினார். நான் படித்த பாடப்புத்தகத்தில் தடுப்பு இருந்தது, ஸ்டெர்ன் இல்லை.

நோயின் பெயரிலும் இதே கதைதான். 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்தது அகஸ்ட் டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை. 1906இல் அவள் இறந்ததும் மூளையை மியூனிக்குக்கு வரவழைத்து ஆராய்ந்தார். உடம்பு அவளுடையது, பெயர் அவருடையது.

இன்றைக்கு வருவோம். 2023இல் அமெரிக்கா முழு அனுமதி தந்த லெக்கனமாப், மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் கரைக்கும் மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதில் மிகச் சிறு பங்குதான் தடுப்பைத் தாண்டி உள்ளே சேர்கிறது. தடுப்பையே கொஞ்ச நேரம் திறந்துவிட முடியுமா என்றும் பார்க்கிறார்கள். ரத்தத்தில் நுண்குமிழிகளை விட்டு, வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டைக் குவித்து அவற்றை அதிரச் செய்தால், அந்த இடத்துச் சுவர் சில மணி நேரம் விலகும். இப்படித் திறந்து இதே வகை மருந்து ஒன்றைக் கொடுத்த மூன்று பேரின் முடிவுகள் 2024இல் வெளியாயின.

பலன் என்ன? லெக்கனமாப் சோதனையில், 18 மாத முடிவில், 18 புள்ளி கொண்ட அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. நோய் நிற்கவில்லை, சரிவு கொஞ்சம் மெதுவானது. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் வந்ததால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்குக் கிடைத்த பலன் ஆண்களைவிடக் குறைவாகத் தெரிந்தது. அதைத் தீர்த்துச் சொல்லும்படி அந்தச் சோதனை வடிவமைக்கப்படவில்லை. இந்தியாவில் 60 வயது தாண்டிய பெண்களில் 100க்கு ஏறக்குறைய 9 பேருக்கும், ஆண்களில் 6 பேருக்கும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது. நோய் யாருக்கு அதிகமோ, அவர்களைப் பற்றிய பதில்தான் கடைசியில் வருகிறது.

மருந்துக்கு முன்னால் நோயறிதல். என் பெரியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஐம்பது வருடம் நடவுக்குப் போனவர். ஒரு மருத்துவமனையில் அவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். விழித்தார். எத்தனை ஆள், எத்தனை நாற்றுமுடி, யாருக்கு எவ்வளவு கூலி என்று கேட்டிருந்தால் எங்கே தடுமாறுகிறார் என்பது உண்மையாகவே தெரிந்திருக்கும். எழுத்தறியாதவர்களுக்காக மாற்றியமைத்த தேர்வு 1990களிலேயே இந்தியில் வந்துவிட்டது. பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்த பெண்ணைப் பள்ளிக்கூடக் கணக்கால் அளப்பது இரண்டாவது அநியாயம்.

மூன்றாவது அநியாயம் வீட்டில் நடந்தது. முடிவை அண்ணனிடம் கொடுத்து, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். மனசு உடைந்துவிடும் என்று வீட்டிலும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இந்தப் பரிவை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது இதே வீடு அவரிடம் சொன்னது. எங்கே வைத்தியம் பார்ப்பது என்று அவரே முடிவு செய்தார். அவருக்கு உடையாத மனசு பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் உடைய வேண்டும்?

ஒரு வாரம் கழித்து நான் பெரியம்மாவிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னது ஒனக்குத் தெரியணுமா பெரியம்மா?" தெரிய வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பேன், தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை. "எனக்கே தெரியுதுடி. பேரு மட்டும் தெரியல. சொல்லு" என்றார். சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு இரண்டு சொன்னார். தோடு பேத்திக்கு. "புத்தி தப்பினாலும் என்னைய உள்ள வச்சுப் பூட்டாதீங்க."

இதைத்தான் சொல்ல வருகிறேன். இந்த மருந்துகள் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. வேண்டும், வேண்டாம் என்று அவளால் தெளிவாகச் சொல்ல முடிவதும் அந்த ஆரம்ப நிலையில்தான். ரத்தப் பரிசோதனையிலேயே அமிலாய்டின் தடயத்தைப் பார்க்கும் முறைக்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. நோய் இனி இன்னும் முன்னதாகத் தெரியும். தெரிந்ததை மறைத்தால், அவள் முடிவெடுக்கக்கூடிய கடைசிக் காலத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். பிறகு அவளுக்காக முடிவெடுக்கிறோம், அவளால் முடியாது என்ற காரணத்தைக் காட்டி.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் பேச யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தருகிறது. நோய் இருப்பதே தெரியாதவள் எதை எழுதிவைப்பாள்?

இன்னொரு பெண்ணையும் மறக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யார் கூட்டிக்கொண்டு போவது, ராத்திரி எழுந்து நடந்தால் யார் பின்னால் போவது? எங்கள் வீட்டில் அண்ணி. மருந்து வாங்கித் தரும் மாதங்கள் அவள் உழைப்பின் மீது நிற்கும் மாதங்கள். அதற்காக மருந்தைத் தீர்மானிப்பவளாக அண்ணியை ஆக்க முடியாது, மூளை பெரியம்மாவுடையது. அண்ணியின் உழைப்போ அண்ணியுடையது. அதைப் பாசம் என்று பெயரிட்டு இலவசமாக எடுத்துக்கொள்ளும் உரிமை வீட்டுக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. அண்ணனும் முறை வைத்துப் பார்க்கட்டும். பகல்நேரப் பராமரிப்பு மையத்தை அரசு பக்கத்திலேயே திறக்கட்டும். மாமியாரா மருமகளா என்று இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது பழைய பழக்கம்.

காரைக்கால் அம்மையார் கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாமென்று பேயுருவைக் கேட்டு வாங்கினார் என்பது எங்கள் ஊர்க் கதை. தன் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பெண் தானே தீர்மானித்ததற்கு இங்கே வருடாவருடம் மாங்கனித் திருவிழா எடுக்கிறோம். கோயிலில் இருப்பவளுக்குக் கொடுத்ததை வீட்டில் இருப்பவளுக்கும் கொடுங்கள். அவள் காதில் செய்தி விழும் முன் அவள் நரம்பில் ஊசி ஏறக் கூடாது.