சம்பளக் கவருக்குள் ஒரு குடும்பம்

1944 மார்ச் 28 அன்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் சர்ச்சிலின் யுத்தகால அரசு ஒரே ஒரு வாக்கில் தோற்றது. யுத்தம் சம்பந்தப்பட்ட எதிலும் அல்ல. பட்லரின் கல்வி மசோதா விவாதத்தில், கன்சர்வேட்டிவ் கட்சியின் தெல்மா கேஸலெட்-கெய்ர் என்ற பெண் உறுப்பினர், ஆசிரியர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரே சம்பளம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 117, எதிர்ப்பு 116. இரண்டே நாளில் சர்ச்சில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றினார். 425க்கு 23 என்ற கணக்கில் திருத்தம் துடைத்தெறியப்பட்டது. நார்மண்டித் தரையிறக்கத்துக்கு அப்போது பத்து வாரங்களே இருந்தன. அந்த நெருக்கடியிலும் ஒரு பிரதம மந்திரிக்கு ஆசிரியைகளின் சம்பளத்தோடு மல்லுக்கட்ட அவகாசம் கிடைத்தது என்பதை வெறும் சரித்திர வேடிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கோ ஆழத்தில் ஒரு நரம்பு தொடப்பட்டிருக்கிறது. அது எது என்பதுதான் என் விசாரம்.

பார்லிமெண்ட் என்றால் வெட்டிப் பேச்சு என்று கையை உதறிவிடுவது நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு சௌகரியமான தோரணையாகிவிட்டது. புரட்சி பேசுகிறவர்களும் சரி, அகவுலகம் பேசுகிறவர்களும் சரி, இதில் மட்டும் ஒற்றுமை. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சமூகம் தன்னைப் பற்றி வெளியே சொல்லக் கூசுகிற எண்ணங்களை ஒரு மசோதாவின் உட்பிரிவில் எவ்வித வெட்கமும் இல்லாமல் எழுதி வைக்கிறது. நாவலில் தேடுவதை அங்கும் தேடலாம்.

ஆசிரியைக்குச் சம சம்பளம் கூடாது என்றவர்கள், அவள் குறைவாகப் பாடம் நடத்துகிறாள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்னது வேறு. ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது. ஒரே சம்பளம் கொடுத்தால், கல்யாணம் ஆகாத ஆசிரியை சுகமாக இருப்பாள். மூன்று பிள்ளை பெற்ற ஆசிரியர் திண்டாடுவார். ஆண் ஆசிரியர்கள் தனியாக ஒரு சங்கமே வைத்து இதைச் சொல்லிவந்தார்கள். முதல் பார்வைக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அந்த மூன்று பிள்ளைகளும் நிஜம். அவர்களுடைய பசியும் நிஜம்.

ஆனால் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால் சம்பளம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிடுகிறது. அது செய்த வேலைக்குக் கொடுக்கும் விலையா, செய்கிறவனின் தேவைக்கு அளக்கும் படியா? விலை என்றால், விற்பவர் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு இடமில்லை. படி என்றால் கல்யாணமாகாத ஆணுக்கும் குறைத்து அளக்க வேண்டும். விதவையான ஆசிரியைக்குக் கூட்டி அளக்க வேண்டும். இரண்டையும் யாரும் செய்யவில்லை. வயதான தாயையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்றிய எத்தனையோ ஆசிரியைகள் இந்தக் கணக்கில் தனிக்கட்டைகளாகவே நின்றார்கள். ஆணுக்கு மட்டும், இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு குடும்பம் சம்பளக் கவருக்குள் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இந்தப் புரட்டை முதலில் கணக்கோடு அம்பலப்படுத்தியவர் எலினார் ராத்போன். 1872ல் பிறந்தவர், லிவர்பூல் வணிகக் குடும்பம், எந்தக் கட்சியிலும் சேராமல் 1929லிருந்து சாகும்வரை பல்கலைக்கழகத் தொகுதி ஒன்றின் உறுப்பினர். முதல் உலக யுத்தத்தில் போருக்குப் போனவர்களின் மனைவிகளுக்கு அரசு நேராகவே பணம் கொடுத்தது, பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி. லிவர்பூலில் அந்தப் பணியில் ஈடுபட்டிருந்த ராத்போன், கணவன் கொண்டுவந்து கொடுப்பதற்குக் காத்திராமல் ஒரு பெண் கையில் பணம் வரும்போது அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தார். 1924ல் வந்த அவருடைய நூல் சொத்துரிமை பறிக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றியது, தலைப்பும் அதுவே. அதன் மையமான வாதம் எளியது, ஆனால் கூரானது. ஒவ்வொரு ஆணுக்கும் மனைவியும் மூன்று குழந்தைகளும் உண்டு என்று வைத்துக் கூலியை நிர்ணயித்தால், இங்கிலாந்தில் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட இல்லாத குழந்தைகளுக்குச் சோறு போட வேண்டிவரும். அதே சமயம் நான்காவது ஐந்தாவதாகப் பிறந்துவிட்ட நிஜக் குழந்தைகள் பட்டினி கிடக்கும். ஆகவே குழந்தையைக் கூலியிலிருந்து பிரித்து எடு. அதன் பங்கைச் சமூகம் நேரே கொடுக்கட்டும். அப்போதுதான் கூலி வெறும் கூலியாகும். அப்போதுதான் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை மறுக்க ஒருவனுக்கும் வாய் இருக்காது.

ராத்போனை நான் தெய்வமாக்கப் போவதில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் தன்னை அண்டியிருக்க வேண்டும் என்ற ஆணின் ஆசைக்கு அவர் வைத்த பெயரே ‘துருக்கியர் மனோவியாதி’. தன் ஊர் ஆணின் நோய்க்கு அடுத்த ஊர்க்காரன் பெயரைச் சூட்டுவது ஒரு ஏகாதிபத்தியப் பழக்கம். இந்தியப் பெண்களை உய்விக்கும் பொறுப்பைத் தன் தலையில் தானே தூக்கிவைத்துக்கொண்டவர். 1929ல் லண்டனில் அவர் கூட்டிய மாநாட்டிலேயே தன்வந்தி ராமராவ் எழுந்து, அது உங்கள் வேலையல்ல என்கிற தொனியில் ஆட்சேபித்தார். அதெல்லாம் இருக்கட்டும். கணக்கு சரியாக இருந்தது.

அந்தக் கணக்கை நீண்ட காலம் எதிர்த்தவர்கள் முதலாளிகள் மட்டும் அல்ல. தொழிற்சங்கங்களும்தான். பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுக்குழு 1930ல் குடும்பப் படியை நிராகரித்தது; 1940களின் தொடக்கத்தில்தான் இறங்கி வந்தது. நம் இடதுசாரி நண்பர்கள் இதை ஆணாதிக்கம் என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தை பொய்யில்லை, ஆனால் போதாது. சங்கங்களின் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. கூலிப் பேச்சுவார்த்தை மேஜையில் தொழிலாளிக்கு இருந்த ஒரே தார்மீக ஆயுதம் பசித்த குழந்தையின் முகம். ஆறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்தக் கூலியில் எப்படிப் பிழைப்பது என்றால் முதலாளி பதில் சொல்லத் திணறுவான். அந்தக் குழந்தையை அரசு எடுத்துக்கொண்டால், உனக்கு எதற்கப்பா அதிகக் கூலி என்பான். கூலி உயர்வுக் கோரிக்கைகளைத் தணிக்கக் குடும்பப் படி உதவும் என்ற எண்ணம் யுத்தகாலத்தில் படியை ஆதரித்த அரசியல்வாதிகளிடமும் பொருளாதார அறிஞர்களிடமும் வெளிப்படையாகவே இருந்தது. ஆக, பெண்ணுக்குச் சேர வேண்டிய நியாயமும் தொழிலாளிக்குச் சேர வேண்டிய நியாயமும் இங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. எல்லா நல்ல விஷயங்களும் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் நடக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1945 மார்ச்சில் குடும்பப் படி மசோதா சபைக்கு வந்தது. வாரம் 5 ஷில்லிங், இரண்டாவது குழந்தையிலிருந்து. 1942 அறிக்கையில் பெவரிட்ஜ் கேட்டது 8 ஷில்லிங். அது குறைந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் சபையில் சூடு கிளம்பியது தொகையில் அல்ல, ஒரு வேற்றுமை உருபில்: யாருக்கு? அரசு எழுதிய மசோதாவில் படி தகப்பனுடையது. தாய் தபாலாபீசுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம்; அதாவது அவனுக்குரிய பணத்தை அவன் சார்பில். குடும்பத்தைப் பராமரிக்கும் சட்டப் பொறுப்பு தகப்பனுடையது, ஆகவே பணமும் அவனுடையது என்பது தர்க்கம். யார் வாங்கினால் என்ன, வீட்டுக்குத்தானே போகிறது என்று நினைக்கத் தோன்றும். எழுபத்திரண்டு வயது ராத்போன் எழுந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் இதற்காக உழைத்த தானே, மசோதா இப்படியே வந்தால் ஆதரித்து வாக்களிக்க முடியாது என்றார்.

எனக்கு இந்த விவாதத்திலேயே முக்கியமான இடம் இதுதான். பணம் வந்துவிட்டது, பிள்ளைக்குப் பால் வாங்கலாம், பிரயோஜனவாதியின் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் ஏன் அதோடு திருப்தி அடையவில்லை? தகப்பன் குடித்துவிடுவான் என்ற பயம் அல்ல முக்கியம். குடிக்காத, நல்ல, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கணவன் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கொடுப்பவன் அவன், வாங்குபவள் அவள். நன்மைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டினி கிடப்பவளைவிட, நன்றாக நடத்தப்படுகிறவளின் விஷயத்தில்தான் அது துல்லியமாகத் தெரிகிறது. அரசு கடைசியில் கட்சிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி உறுப்பினர்களின் இஷ்டத்துக்கு விட்டது. சபை தாய்க்குக் கொடுத்தது. 1946 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, முதல் பட்டுவாடா. ராத்போன் ஜனவரி 2 அன்றே இறந்துவிட்டிருந்தார்.

ஆனால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 1944ல் ஆசிரியைக்கு இல்லை என்று சொன்னதும், 1945ல் தாய்க்கு உண்டு என்று சொன்னதும் ஒரே சபை. மனம் மாறிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை செய்கிறவளாக வந்து கேட்டால் அந்நியமாகத் தெரிந்தவள், தாயாக வந்து கேட்டதும் பரிச்சயமானவளாகிவிட்டாள். ராத்போனின் திட்டத்தில் படி என்பது சம ஊதியத்துக்கு வழி. சபையின் மனத்தில் அது சம ஊதியத்துக்குப் பதில். சம ஊதியச் சட்டம் 1970ல்தான் வந்தது; அமலுக்கு வர 1975 டிசம்பர் ஆயிற்று. தகப்பனின் வரிச்சலுகையை எடுத்து அதையும் தாய் கையில் சேர்த்துக் கொடுக்க 1975ல் சட்டம் செய்துவிட்டு, ஆண் தொழிலாளர்களின் கைச்சம்பளம் குறையுமே என்று 1976ல் அதே லேபர் அரசு பின்வாங்கப் பார்த்தது; மந்திரிசபைக் காகிதங்கள் ஒரு பத்திரிகையில் கசிந்த பிறகுதான் படிப்படியாக நிறைவேற்றியது. கவர் முப்பது வருஷம் கழித்தும் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

நம் நாட்டில் இதே குடும்பம் இன்னும் திட்டவட்டமான உருவத்தில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 39-வது ஷரத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. நான்கு ஷரத்து தள்ளி, 43-வது, வாழ்வதற்குப் போதுமான ஊதியம் என்கிறது. ஒன்று விலை, இன்னொன்று தேவை. பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. 1948ல் அமைத்த நியாய ஊதியக் குழு, வாழ்வூதியம் என்பது சம்பாதிக்கும் ஆண் தன்னையும் தன் குடும்பத்தையும் காப்பாற்றப் போதுமானது என்று எழுதிவைத்தது. 1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்குக் கணக்கே போட்டது: சம்பாதிக்கும் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள், ஆளுக்கு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கெஜம் துணி, பெண்கள், குழந்தைகள், பருவம் வராதவர்களின் வருமானத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மூன்று அலகை வழக்கமாகப் பிரிப்பது இப்படி: ஆண் 1, மனைவி 0.8, பிள்ளைகள் இரண்டுக்குத் தலா 0.6.

கருணையோடு போட்ட கணக்கு என்பதில் சந்தேகமில்லை. மனைவி நாலு காசு சம்பாதிக்கிறாளே என்று காட்டி முதலாளி கூலியைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அவள் வருமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்கள். பாங்க் ஊழியர்கள் இந்த நெறியைக் கேட்டு வாதாடினார்கள். 1962ல் தேசாய் தீர்ப்பாயம் கொடுக்கவில்லை. எங்கள் யூனியன் கூட்டங்களில் மூத்தவர்கள் இன்றும் அந்தக் கோரிக்கையைக் கண்கள் மின்னப் பேசுகிறார்கள். நானும் கைதட்டுகிறேன், தட்டத்தான் வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டதில் கூலி மட்டும் மறையவில்லை, கூலிக்காரியும் மறைந்துபோனாள்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தவருக்கு 1945 விவாதத்தின் சாரம் தெரிந்திருக்கிறது என்று சொல்வேன். உதவித் தொகை என்று வைத்திருந்தால் இன்னொரு இனாமாகப் போயிருக்கும். தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள், அவரவர் பெயரிலேயே கணக்கு. கவுண்டருக்கு அந்தப்புறம் நின்று படிவத்தில் தானே கையெழுத்துப் போடும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகை என்று ஏளனம் செய்ய மாட்டார்கள். ஆனால் உரிமை என்று அழைத்துவிட்டு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, மின்சாரம் வருஷம் 3,600 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று தகுதி பார்த்தார்கள். ராத்போனின் படிக்கு வருமானச் சான்று கிடையாது. மின்சாரக் கட்டண ரசீதைக் காட்டி நிரூபிக்க வேண்டிய உரிமை என்ன ஜாதி உரிமை என்று எனக்கு விளங்கவில்லை.

1976ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சம ஊதியச் சட்டத்தை, 2019ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு தன்னுள் வாங்கிக்கொண்டது. 2020ல் வெளியான அதன் வரைவு விதிகளில் குடும்பம் மறுபடியும் வருகிறது. பாஷை திருந்தியிருக்கிறது: மனைவி என்று இல்லை, வாழ்க்கைத் துணை என்று இருக்கிறது. கெஜம் போய் மீட்டர் வந்திருக்கிறது. மூன்று அலகு மட்டும் அப்படியே. என் பக்கத்து கவுண்டரில் உட்காரும் பெண்மணிக்கும் எனக்கும் ஒரே சம்பள விகிதம், ஒரே பஞ்சப்படி. அந்த மூன்று அலகில் அவர் எது, அவர் கணவர் எது, 0.8 யாருடையது என்று அடுத்த கூட்டத்தில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.