வானூர்தியின் அடிப்புறம்

போர்க்கருவியொன்றின் அழகை அதன் தொழிலினின்றும் பிரித்துச் சுவைத்தல் அறமாகுமா? ஹரிக்கேன் என்னும் போர்விமானத்தின் மாதிரியுருவை அமைப்போன் இவ்வினாவை அறியாமலே கையில் ஏந்துகிறான். 12.19 மீற்றர் சிறகுவிரிவு 72 இல் ஒரு பங்காகச் சுருங்குகையில் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் ஆகின்றது. பிளாஸ்ரிக் உறுப்புகளை ஒட்டி, பொருத்துகளைத் தேய்த்து, வர்ணந்தீட்டி, ஈற்றில் துப்பாக்கிவாய்களின் பின்னே புகைக்கறையையும் அவன் இடுகிறான். சுட்டமையின் சுவடு அங்கே அலங்காரமாகிவிடுகின்றது.

எனினும், கருவியை மாத்திரம் பழித்தல் பொருந்தாது. 1942 ஏப்ரல் 5 இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்தெழுந்தவற்றுள் ஹரிக்கேன்களே முதன்மையானவை. அவற்றின் வடிவைப் பொறுமையுடன் கற்றல் வரலாற்றைக் கற்றலுமாகும்.

குறை வேறிடத்தில் உள்ளது. மாதிரியுரு மேலிருந்து நோக்கப்படுவது. ஈழப்போர்க் காலத்தில் வாழ்ந்த புங்குடுதீவு இறுப்பிட்டி மக்களுக்கோ போர்விமானம் கீழிருந்து அறியப்பட்ட பொருள். 1995 யூலை 9 இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது குண்டுகள் வீழ்ந்தபோதும், விமானத்தின் கீழே நின்றவர்கள் மனிதர்களே.

உலகப்போர்க்கால விமானங்கள் பலவற்றின் அடிப்புறத்துக்கு வானோடு கலக்கும் வெளிர்நிறம் பூசப்பட்டது. கீழுள்ளோர் கண்ணுக்குப் புலப்படாதிருத்தலே அதன் நோக்கம். அலுமாரித் தட்டில் நிற்கும் மாதிரியுருவிலும் மறைந்திருப்பது அப்புறமே. விமானத்தை அளவுகோல் கொண்டு சுருக்கலாம். அதன்கீழ் நின்றவரின் அச்சத்தைச் சுருக்கும் அளவுகோல் எதுவுமில்லை.

ஆகவே, மாதிரியுரு அமைத்தல் தீதன்று. அடிப்புறத்தைத் திருப்பிப் பாராமல் அது நிறைவுற்றதெனக் கொள்வதே தீது.