நேர்மையான நீதிபதி ஏன் விலக வேண்டும்?

கையூட்டு வாங்கும் நீதிபதியைக் கண்டிப்பது எளிது. ஆனால், "நான் நேர்மையாகவே தீர்ப்பளிப்பேன், பின் ஏன் விலக வேண்டும்?" என்று நல்லதொரு நீதிபதி கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே, 1998 ஒக்டோபரில் இலண்டன் வைத்தியசாலையொன்றில் தங்கியிருந்தபோது, ஸ்பானிய நீதவான் ஒருவரின் கோரிக்கையின் பேரில் கைது செய்யப்பட்டார். அவரது ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், காணாமற்போயினர், சித்திரவதைப்பட்டனர். முன்னாள் நாட்டுத் தலைவர் என்பதால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டா? இக்கேள்வி அந்நாளில் பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாயிருந்த பிரபுக்கள் சபைக்குச் சென்றது. நவம்பர் 25ஆம் திகதி, ஐந்து நீதிபதிகளுள் மூவர் விலக்கு இல்லை என்றனர். பாதிக்கப்பட்டோர் மகிழ்ந்தனர்.

அம்மூவருள் ஒருவர் ஹொஃப்மன் பிரபு. அவ்வழக்கில் சர்வதேச மன்னிப்புச் சபையும் தலையிட்டு, பினோசேக்கு எதிராக வாதாடியிருந்தது. அச்சபையோடு இணைந்த தரும நிறுவனமொன்றுக்கு ஹொஃப்மனே தலைவர் என்பது பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. அப்பதவிக்கு அவர் ஊதியம் பெற்றதில்லை. எனினும் டிசம்பர் 17ஆம் திகதி வேறு ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பை இரத்துச் செய்தனர். அவர் பாரபட்சம் காட்டினார் என்று அவர்கள் கூறவில்லை. வழக்கில் ஈடுபட்ட தரப்போடு அவருக்கிருந்த தொடர்பே போதும் என்றனர்.

கொடுமை செய்தவனுக்கா இத்தனை சலுகை என்று நம் மனம் குமுறலாம். ஆனால் இது சலுகையன்று, உரிமை. நாம் விரும்பும் மனிதருக்கு மட்டும் நடுநிலையான நீதிபதி வேண்டுமென்றால் அது நீதியாகாது. மேலும், நீதிபதியின் உள்ளத்தை அவர் மட்டுமே அறிவார். வழக்காளி அதைத் திறந்து பார்க்க முடியாது. வெளியே தெரிவதைக் கொண்டே அவன் நம்பவேண்டும். தன் நேர்மைக்குத் தானே சாட்சியாக நிற்க நீதிபதிக்கும் உரிமையில்லை.

இவ்விதிக்கு விலையும் உண்டு. பாதிக்கப்பட்டோர் மீண்டும் காத்திருந்தனர். 1999 மார்ச் 24ஆம் திகதி, ஏழு நீதிபதிகளுள் அறுவர் சித்திரவதைக் குற்றத்துக்கு விலக்கில்லை என்றனர். ஆனால் குற்றச்சாட்டுகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. எனினும் அத்தீர்ப்பின் மீது பக்கச்சார்பின் நிழல் விழவில்லை.

2002இல் முழுமைபெற்ற பெங்களூர்க் கோட்பாடுகளும் இதையே வலியுறுத்துகின்றன. அவற்றை ஆக்கிய நீதிபதிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டு நீதியரசர் வீரமந்திரி. தம்மால் நடுநிலையில் தீர்ப்பளிக்க இயலாது என நியாயமான ஒருவர் பார்வையில் தோன்றினாலே, நீதிபதி விலக வேண்டும் என்பது அவற்றின் நெறி.

"இதில் எனக்குத் தொடர்புண்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் எந்த நீதிபதியின் மதிப்பும் குறைவதில்லை. சொல்லாது விடுவதால், நல்ல தீர்ப்பும் வீணாகிவிடலாம்.