ஐந்து மணி நேரத் தொலைவு

உலகம் சுருங்கிவிட்டது என்று நாளும் சொல்லக் கேட்கிறோம். கணக்கும் அதற்குச் சான்று கூறுகின்றது. கட்டுநாயக்காவிலிருந்து சவூதி அரேபியாவின் ரியாத் விமான நிலையம் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். நேரே செல்லும் விமானத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மழை நாளில் வட்டவளையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இறங்கும் பயணம் இதனினும் பெரிதும் குறைந்ததன்று. ரியாத்தின் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி பின்தங்கியது. மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டவள் அங்கே இறங்கும்போது இரவு ஒன்பதுகூட ஆகியிராது. இந்த நேரக் கணக்கை வகுப்பில் நாம் கற்பிக்குமுன்னரே, தாயின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்தே கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம்மிடம் உண்டு.

ஆயின், தொலைவென்பது இவ்வளவுதானா?

லயத்திலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவளுக்கு ஒப்பந்தம் வழக்கமாக இரண்டாண்டு. பிள்ளை நோயுற்றால் ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம் என்கிறது விமானம். எசமானரின் சம்மதம் வேண்டும் என்கிறது ‘கபாலா’ முறை. 2021 மார்ச்சில், வெளிநாட்டுத் தொழிலாளர் முதலாளியின் அனுமதியின்றி வெளியேறச் சவூதி அரசு வழிசெய்தது. நல்லதே. ஆனால் வீட்டுப் பணியாளர் அச்சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. அதே விமானத்தில், பக்கத்து இருக்கையில் அமர்ந்து செல்லும் வணிகரோ நினைத்த நாளில் திரும்புவார்.

மலையகத்தாருக்கு இது புதிய பாடமன்று. 1947 டிசம்பரில் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதன்முறை பறந்தது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கிற்று. கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் வானில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர்; ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. நம்மவரோ தலைமன்னாருக்குக் கோச்சியேறி, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சென்றனர். அதற்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அத்தனை அண்மையிலுள்ள நாட்டுக்குப் போவோரை, இறந்தாரை அழுவதுபோல் ஏன் அழுதனர்? பூகோளம் அறியாமையாலா? கையிலிருந்தது ஒருவழிச் சீட்டு என்பதை அறிந்தே அழுதனர்.

பின்னாளில் தோட்டத்துக்கு வந்த முகவர்களிடமும், “பக்கந்தானே, ஐந்து மணி நேரம்” என்ற சொல் இருந்தது. அதனைக் கேட்டுத் தலையசைப்பதில் நமக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது. அவளது தனிமை நம்மை உறுத்துவதில்லை. அவள் அனுப்பும் பணத்தை அந்நியச் செலாவணியாக நாடு வரவு வைக்கிறது. எத்தனை பேர், என்ன சம்பளம் என்று பேசும் அரசு, கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருத்தல் வேண்டும், அவசர வேளையில் எவரிடமும் கெஞ்சாமல் அவள் ஊர் திரும்புதல் வேண்டும் என்பதையும் பேசுதல் வேண்டும். “அவள் விரும்பித்தானே போனாள்?” என்பார் உளர். தோட்டத்துக் கூலியில் அடுப்பெரியாத வீட்டின் விருப்பம் எத்தகையது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். விரும்பிய நாளில் திரும்ப முடியாதவளிடம், புறப்பட்ட நாளின் விருப்பத்தை மட்டும் காட்டி வாதாடுவது எந்த நியாயம்?